மூளை நலப் பரிசோதனைத் தொகுப்பு: 6,900 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் ரத்தப் பரிசோதனைக்கும், வலி தெரியாமல் ஊசி குத்திய செவிலியருக்கும்.

கோவையில் ஒரு தனியார் ஆய்வகம் 30 முதல் 50 வயது வரையானவர்களுக்கு ‘மூளை நலப் பரிசோதனை’ என்று ஒரு தொகுப்பை விற்கிறது. இப்போதே பார்த்துக்கொண்டால் எழுபது வயதில் மறதி நோயிலிருந்து தப்பலாம் என்பது விளம்பரத்தின் சாரம். விலை 6,900 ரூபாய்; மரபணுச் சோதனை வேண்டுமென்றால் தனிக் கட்டணம். பெயரை எழுதப்போவதில்லை. இதே சரக்கை வேறு பெயர்களில் பலரும் விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் பேரம் பேசலாம்.

எங்களுடையது பல்லடம் பக்கம் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக் குடும்பம். எனக்கு வயது 38. வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, கடைசி வருடங்களில் மறதி நோய் வந்தது. தறிக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டே பேரப்பிள்ளைகள் அத்தனை பேரின் நட்சத்திரத்தையும் ஒப்பித்தவர், என்னைத் தன் தம்பி என்று எண்ணி “மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா?” என்று கேட்கும் நிலைக்கு வந்தார். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. விளம்பரத்தைக் கத்தரித்து என் சட்டைப்பையில் வைத்தவர் அவர்தான். “உனக்காவது முன்னாலேயே பார்த்துவிடலாம், போய்வா கண்ணு.”

முன்னாலேயே பார்ப்பது என்ற எண்ணத்தில் பிழையில்லை. மறதி நோய்களில் மிகுதியாகக் காணப்படும் அல்சைமரில், அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படியத் தொடங்கி இருபது ஆண்டுகள் வரை ஆன பிறகே அறிகுறி வெளியே தெரிகிறது. ஆகவே எழுபதில் வருவதற்கான கணக்கு ஐம்பதிலோ அதற்கும் முன்போ தொடங்கிவிடுகிறது. ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2017இல், நாம் மாற்றக்கூடிய ஒன்பது காரணங்களைப் பட்டியலிட்டது. 2020இல் அவை 12 ஆயின, 2024இல் 14. இந்தப் பதினான்கையும் அடியோடு களைய முடிந்தால் உலகில் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது அந்தக் குழு. இது மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு. தனியொருவர் சிகரெட்டை விட்டுவிட்டு ‘எனக்கு இத்தனை சதவீதம் குறைந்துவிட்டது’ என்று மார்தட்ட முடியாது. விளம்பரத் தாளில் இந்த 45 சதவீதம் கொட்டை எழுத்தில் இருந்தது; யாருடைய 45 என்பது இல்லை.

என்னைப் போன்ற வயதினருக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ‘கார்டியா’. 1985-86இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லண்ட் நகரங்களில் 18 முதல் 30 வயது வரையான 5,115 பேரைச் சேர்த்துத் தொடங்கினார்கள். விட்டுவிடாமல் தொடர்ந்தார்கள். முதல் 25 ஆண்டுகளில் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் டிவி முன் உட்கார்ந்தவர்களும், உடலுழைப்பு குறைந்தவர்களும் நடுவயதுச் சோதனைகளில் பின்தங்கியதாக 2016இல் வெளியிட்டார்கள். பின்தங்கியது சிந்தனை வேகத்திலும் திட்டமிட்டுச் செய்யும் திறனிலும்; சொற்களை நினைவில் வைப்பதில் அந்த வேறுபாடு தெரியவில்லை. அப்போது அவர்களுக்கு ஐம்பதை ஒட்டிய வயதுதான் என்பதால் மறதி நோய் வருமா வராதா என்று அதிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் இருபதுகளில் பழகியது ஐம்பதில் தலைகாட்டுகிறது என்பது தெரிகிறது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். எதிர்பார்ப்பு கூடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வரவேற்பறை சினிமா அரங்கு போல் குளிரூட்டப்பட்டிருந்தது. கேள்வித்தாள் நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலத்தில். தினமும் குறுக்கெழுத்து போடுவீர்களா, சுடோகு ஆடுவீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். என்ன வேலை, எவ்வளவு இரைச்சல், இரவு ஷிஃப்ட் உண்டா என்று ஒரு வரிகூட இல்லை. எத்தனை மொழி பேசுவீர்கள் என்றும் இல்லை. ஹைதராபாத்தில் 648 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழிகள் பேசுகிறவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுகிறவர்களைவிட நாலரை ஆண்டுகள் தாமதமாகவே நோய் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழு செய்தது. வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் தமிழும் பேசி நெய்கிற குடும்பங்கள் நிறைந்த வட்டாரத்துக்கு சுடோகுவைவிட இந்தக் கேள்வி பொருந்தும்.

ரத்த அழுத்தம் பார்த்த விதம் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. லிஃப்ட் வேலை செய்யாததால் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்த மூச்சு அடங்கவில்லை. முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். கை மடியில் தொங்கியது. அளந்துகொண்டிருக்கும்போதே “சாப்பிடாமல்தானே வந்தீர்கள், சார்?” என்று பேச்சு வேறு. 146/94 என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு வட்டமும் போட்டார்கள். அடுத்த வாரம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் அக்காவிடம் கையை நீட்டினேன். அவர் உடனே அளக்கவில்லை. நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னார். சட்டைக் கையைக் கழற்றவைத்து, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, “பேசாதீர்கள் தம்பி” என்றார். 128/82. சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தபோதும் அதை ஒட்டியே வந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. எங்கள் செலவு பூஜ்யம். நடுவயது ரத்தக் கொதிப்பு அந்தப் பதினான்கில் ஒன்று. இதை ஒழுங்காக அளக்காத இடம் மூளையை அளக்கிறேன் என்று சொன்னால் எப்படி நம்புவது?

ரத்தப் பரிசோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு வகைகள், தைராய்டு, பி12, ஹோமோசிஸ்டீன் எல்லாம் அன்று மாலையே கைபேசிக்கு வந்துவிட்டன. பி12 குறைந்தால் மறதி வரும், அதைச் சரிசெய்யவும் முடியும் என்பதால் அது தேவையான சோதனையே. கறி, முட்டை, பால் அதிகம் சேர்க்காதவர்கள் தவறாமல் பார்க்கலாம். என் கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், 158. நிபுணர் குழு 2024இல் புதிதாகச் சேர்த்த இரண்டு காரணங்களில் ஒன்று நடுவயதில் கூடுதல் எல்டிஎல். இன்னொன்று கவனிக்காமல் விட்ட பார்வைக் குறை. எல்டிஎல்லின் பங்கு மட்டும் 7 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே அறிக்கையிலேயே கவனிக்க வேண்டிய எண் இதுதான். ஆனால் தொகுப்பில் அடங்கிய தொலைபேசி ஆலோசனையில் பேசிய மருத்துவர் இதைத் தொடவே இல்லை. நானாகக் கேட்டபோது, “வயது குறைவுதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். வயது குறைவு என்றுதானே இந்தத் தொகுப்பையே விற்றீர்கள் என்று கேட்டேன். பதிலுக்குச் சிரித்தார். எங்கள் ஊர் மருத்துவர் அதே தாளைப் பார்த்துவிட்டு, இடைவெளி விட்டு மறுபடி பார்க்கச் சொன்னதோடு, பேக்கரிப் பலகாரத்தையும் பரோட்டாவையும் பற்றிக் குறுக்கு விசாரணையே நடத்தினார். ஷிஃப்ட் முடிந்ததும் தேங்காய் பன்னோடு டீ குடிக்கும் பழக்கம் அம்பலத்துக்கு வந்தது.

கணினி விளையாட்டுக்கு வருகிறேன். இருபது நிமிடம். படங்கள் வந்து மறையும், சொற்கள் வந்து மறையும், அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பொத்தானை அமுக்க வேண்டும். சொற்கள் எல்லாம் ஆங்கிலம். முடிந்ததும் ‘உங்கள் மூளையின் வயது 43’ என்று திரையில் வந்தது. எனக்கு ஐந்து வயது ஏற்றம்! எதை வைத்து, யாரோடு ஒப்பிட்டு என்று கேட்டேன். “மென்பொருள் போடும் சார்” என்றார் அந்தத் தம்பி. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் யோசிக்கிறவனை ஆங்கிலச் சொல்லால் அளந்துவிட்டு அதை மூளையின் வயது என்று அச்சடிப்பது என்ன நியாயம்? இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்ட லாசி-டாட் ஆய்வில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும்படி சோதனைகளை மாற்றியமைத்துத்தான் நடத்தினார்கள். அந்த அக்கறையில் துளிகூட இங்கே இல்லை.

அந்த விளையாட்டை வீட்டிலும் தொடர மாதச் சந்தா கட்டலாம் என்றார்கள். மூளை விளையாட்டுச் சந்தா விற்ற ‘லுமோசிட்டி’யின் நிறுவனம், மறதியைத் தள்ளிப்போடும் என்பது போன்ற விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற குற்றச்சாட்டில், 2016 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அது நடந்து இத்தனை வருடங்கள் ஆன பிறகும் அதே வாசகம் கோவையில் தமிழ்ச் சுவரொட்டியாகத் தொங்குகிறது.

மரபணுச் சோதனையை நான் எடுக்கவில்லை. ஏ.பி.ஓ.இ. என்ற மரபணுவின் ‘இ4’ வகை இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் இருந்தும் வராதவர்கள் உண்டு, இல்லாமல் வந்தவர்களும் உண்டு. டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தன் முழு மரபணுத் தொகுதியையும் வெளியிட்டபோது இந்த ஒரு மரபணுவை மட்டும் மறைத்துவிடச் சொன்னார். தெரிந்துகொள்ள அவரே விரும்பவில்லை. அவருடைய பாட்டிக்கும் அந்த நோய் இருந்தது. தெரிந்தால் என்ன செய்வது என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில், தாளை மட்டும் வாங்கிவந்து அம்மாவிடம் நான் எப்படிக் காட்டுவேன்? கவுண்டரில் இருந்த பெண் விடாமல், “குடும்பத்தில் இருக்கிறதே சார், தள்ளுபடியில் போட்டுத் தருகிறேன்” என்றார். பயத்துக்கும் தள்ளுபடி!

வெளியே வரும் வழியிலேயே மாத்திரைக் கடை. வல்லாரை, நீர்ப்பிரமி, ஜின்கோ மூன்றும் கலந்த குப்பி, ‘ஞாபக சக்திக்கு’. அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேருக்கு ஆண்டுக்கணக்கில் ஜின்கோ கொடுத்துப் பார்த்து, மறதி நோய் குறையவில்லை என்று 2008இலேயே அறிவித்துவிட்டார்கள். வல்லாரைத் துவையல் எனக்குப் பிடிக்கும். சுடுசோற்றோடு பிசைந்து சாப்பிட அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

இனி முக்கியமான குறை. 6,900 ரூபாய் வாங்கிக்கொண்டு என் காதை யாரும் பார்க்கவில்லை.

நிபுணர் குழுவின் பட்டியலில் எல்டிஎல்லோடு சேர்ந்து முதலிடத்தில் இருப்பது செவித்திறன் இழப்பு. அதற்கும் 7 சதவீதம். காரணங்கள் பலவாகச் சொல்லப்படுகின்றன. சரியாகக் கேட்காதபோது பேச்சைப் பிரித்தறியவே மூளை மெனக்கெடுகிறது, ஒலியால் கிடைக்கும் தூண்டல் குறைகிறது, பேச்சுக் கூட்டத்திலிருந்து ஆள் மெல்ல ஒதுங்கிவிடுகிறார். அம்மாயி கடைசியாகப் பேச்சைக் குறைத்தது மறதியாலா, காது கேட்காததாலா என்று எங்களால் பிரிக்க முடிந்ததில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், செவித்துணைக் கருவி பொருத்தியதால் எல்லோருக்குமாகப் பார்த்தால் வேறுபாடு இல்லை. ஏற்கெனவே ஆபத்து கூடியிருந்த பிரிவினரிடம் மட்டும் மூன்றாண்டுகளில் மூளைத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்தது. கருவிக்கு அவ்வளவுதான் செய்ய முடியும். இரைச்சலில் காது கெடாமல் காப்பதற்கான வயது எழுபது அல்லவே.

தொகுப்பில் செவிச் சோதனை உண்டா என்று கேட்டதற்கு, “அது காது-மூக்கு-தொண்டைப் பிரிவு, இது மூளை” என்றார்கள். பிறந்ததிலிருந்து தறியின் நாடா அடிக்கும் சத்தத்தில் தூங்கி எழுந்தவனிடம் சொன்ன பதில் இது.

ஆகவே அவினாசி சாலைப் பக்கம் ஒரு சிறிய செவித்திறன் நிலையத்துக்குத் தனியாகப் போனேன். கட்டணம் 600 ரூபாய். பெட்டி போன்ற சத்தம் புகாத அறை, கனத்த ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். ‘ங்ங்’ என்று எவ்வளவு மெல்லக் கேட்டாலும் அமுக்க வேண்டும். கீழ்ச்சுருதியில் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு காதாக. அறைக்குள் உட்கார்ந்ததும் என் மூச்சுச் சத்தமே எனக்குப் புதிதாக இருந்தது. வரைபடத்தை நிபுணர் என் முன் வைத்து விளக்கினார். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். கோடு கீழே இறங்கினால் கேட்பதற்குக் கூடுதல் சத்தம் தேவைப்படுகிறது என்று பொருள். 2,000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு கோடுகளும் நேராகப் போயின. 4,000இல் இடது கோடு பள்ளத்தில் விழுந்தாற்போல் 45 டெசிபெல்லுக்கு இறங்கி, 8,000இல் 25க்கு மேலேறியது. வலதிலும் அதே பள்ளம், ஆழம் சற்றுக் குறைவு. 20 டெசிபெல்லுக்குள் இருந்தால் நல்ல காது என்பது அளவு. இப்படி 4,000 பக்கம் பள்ளம் விழுந்து மறுபடி ஏறுவது இரைச்சலால் காது கெட்டதன் அடையாளம் என்றார். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. “இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் சார். தறிதானே?” என்று அவரே கேட்டார். ஊரை வைத்தே கண்டுபிடித்திருந்தார்.

தினமும் எட்டு மணி நேரம் என்றால் 85 டெசிபெல்லுக்கு மேல் ஆகாது என்கிறது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம். மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். எங்கள் குடோனில் கைபேசிச் செயலியை வைத்துப் பார்த்தேன். 96க்கும் 99க்கும் இடையில் ஆடியது. செயலி அவ்வளவு துல்லியமில்லை என்று தள்ளுபடி செய்தாலும், அந்தக் கணக்குப்படி தறியில் பாவு நூலை ஏற்றி முடிப்பதற்குள்ளேயே அன்றைய நேரம் தீர்ந்துவிடும். தறி இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு பஸ் இரைச்சலை மீறப் பாட்டைக் கூட்டி வைக்கிறவர்களை நினைத்துத்தான், 12 முதல் 35 வயது வரை நூறு கோடிக்கும் மேலானவர்களின் செவி ஆபத்தில் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபெல்தான் அவர்கள் சொல்லும் வரம்பு.

பஞ்சு போன்ற காதடைப்பானை மாட்டும் முறையை நிபுணர் செய்துகாட்டினார். விரல்களுக்கு நடுவே உருட்டி ஊசி போல் மெலிதாக்க வேண்டும். மறு கையைத் தலைக்குமேல் கொண்டுவந்து காதின் நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உள்ளே செருகி, அது உப்பி நிறையும் வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பாதி செருகினால் வெளியே தொங்குமே தவிரச் சத்தம் குறையாது. அந்த 600 ரூபாய்க்கு ஐந்துக்கு ஐந்து.

பணத்தை எப்படிப் பிரித்திருக்கலாம் என்று கேட்டால்: ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கொழுப்பும் பி12ம் எந்த நல்ல ஆய்வகத்திலும் தனியாகப் பார்க்கலாம். தொகுப்பின் விலையில் ஒரு பங்குதான் ஆகும். கண் சோதனை ஒருமுறை, செவிச் சோதனை வருடத்துக்கு ஒருமுறை. இத்தனையும் எனக்கு 6,900இல் பாதிக்குள் முடிந்திருக்கும். தூக்கம் மட்டும் இந்தச் சோதனைகள் எதிலும் தெரியாது. லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்துவரும் ஆய்வில், ஐம்பது வயது தொடங்கி ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியே பழகியவர்களுக்கு மறதி நோய் ஆபத்து 30 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. காரணமும் விளைவும் முழுவதாகப் பிரிக்கப்பட்டுவிட்டன என்று சொல்ல முடியாது. இருந்தாலும் இரவு ஷிஃப்டை அப்பாவும் நானும் மாற்றி மாற்றிப் பார்க்கும் முறையை இப்போது திருத்தியிருக்கிறோம்.

யாருக்கு இந்தத் தொகுப்பு பொருந்தும்? ஒரே இடத்தில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், பணம் பொருட்டில்லை, அறிக்கையை எடுத்துக்கொண்டு வேறு நல்ல மருத்துவரிடம் போவேன் என்கிறவர்களுக்குப் பரவாயில்லை. மூளையின் வயது என்ற எண்ணை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள். இப்போதே மறதி தொந்தரவு செய்கிறது என்றால் இங்கே போகவே வேண்டாம். நேரே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆய்வகத்துக்குக் குறைகளை எழுதி அனுப்பினேன். செவிச் சோதனையைக் ‘கூடுதல் சேவையாக’ 1,500 ரூபாய்க்குச் சேர்க்கப்போவதாகப் பதில் வந்தது. இரவு ஷிஃப்ட் பையன்கள் காதடைப்பானுக்குப் பழகிவிட்டார்கள். அப்பாதான் மறுக்கிறார். குறுக்கு நூலான ஊடை அறுந்தால் தறியின் சத்தம் மாறும். அது காதில் விழாவிட்டால் துணி பாழ் என்பது அவர் வாதம், அதில் பாதி நியாயமும் இருக்கிறது. சத்தத்தை முழுவதும் அடைக்காமல் அளவாகக் குறைக்கும் வகை ஒன்று இருப்பதாக நிபுணர் சொன்னதால் அவருக்காக ஒரு ஜோடி வாங்கச் சொல்லியிருக்கிறேன். விலை சற்று அதிகம். வந்ததும் அவரைப் போடவைத்து, என்ன சொல்கிறார் என்று தனியாக எழுதுகிறேன்.